சூரிய மின்சாரத்தில் கணினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. நூல்களுக்குப் பக்கம் வடிவமைப்பதும் மெய்ப்புப் பார்ப்பதும் என் தொழில் என்பதால், அந்த நாட்களில் மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு, ஜெனரேட்டர் ஓடும் இடமாகத் தேடி அலைந்தேன். அடுத்த ஆண்டு மொட்டை மாடியில் இரண்டு சோலார் பேனல்களைப் பொருத்தினேன். அன்று முதல் என் வேலை வெயிலில்தான் நடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நண்பர்களும் உறவினர்களும் வீட்டிலிருந்து வேலை செய்யும் இளைஞர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், செய்து பார்த்துக் கற்ற விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கணினியைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினால் மின்கட்டணம் குறையுமா?

இந்தக் கேள்வியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பலர் இந்த எண்ணத்தில்தான் பணத்தைப் போடுகிறார்கள், பிறகு வருந்துகிறார்கள். சராசரியாக 30 வாட் எடுக்கும் ஒரு மடிக்கணினி நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 240 வாட்-மணி செலவாகும் (1000 வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட்). இரண்டு மாதக் கணக்கில் அது 15 யூனிட்டைக்கூடத் தொடாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் நிலையில், இந்த 15 யூனிட்டை மிச்சப்படுத்துவதற்காகப் பேனலும் பேட்டரியும் வாங்கினால், போட்ட முதல் ஒருநாளும் திரும்பாது. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றும் செலவே, சேமித்த தொகையைப் போலப் பல மடங்கு இருக்கும்.

கட்டணத்தைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், பேட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் கூரை அமைப்பே பொருத்தமானது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யகர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் என்று மத்திய அரசின் மானியம் இருக்கிறது. பேட்டரியோடு கூடிய சிறிய அமைப்பின் நோக்கமே வேறு. கரண்ட் போனாலும் வேலை நிற்காமல் இருப்பதற்காகவும், மின்கம்பி எட்டாத தோப்பிலோ வயலிலோ உட்கார்ந்து வேலை செய்வதற்காகவும்தான் அதை வைக்கிறோம்.

மாடியில் மானியத்தில் போட்ட சோலார் இருக்கிறது. கரண்ட் போனால் அது கணினிக்கு மின்சாரம் தருமா?

பேட்டரி இல்லாத அமைப்பு என்றால் தராது. உச்சி வெயிலில் மூன்று கிலோவாட் பேனல் காய்ந்துகொண்டிருந்தாலும், மின்வாரிய இணைப்பு நின்ற மறுகணமே, பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரும் தன்னை நிறுத்திக்கொள்ளும். அது பழுது இல்லை. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின்வாரிய ஊழியர், மின்சாரத்தை நிறுத்திவிட்டதாக நம்பிக் கம்பியைத் தொடும் நேரத்தில், நம் வீட்டுப் பேனலிலிருந்து மின்சாரம் எதிர்த்திசையில் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும். ஆகவே மின்வெட்டிலும் கணினி ஓட வேண்டும் என்றால், பேட்டரியோடு இணைந்து இயங்கும் வகை இன்வெர்ட்டரை வாங்க வேண்டும். அல்லது கணினிக்கென்று தனியாக ஒரு சிறிய அமைப்பை வைத்துக்கொள்ள வேண்டும். நான் செய்தது இரண்டாவது.

என் கணினி எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் 65 வாட் என்பது அது தரக்கூடிய உச்ச அளவு. கணினி எப்போதும் அவ்வளவு எடுப்பதில்லை. எழுதுவது, படிப்பது, இணையத்தில் தேடுவது போன்ற வேலைகளில் பெரும்பாலான மடிக்கணினிகள் 15 முதல் 30 வாட்டுக்குள் அடங்கிவிடும். மேசைக் கணினி திரையோடு சேர்ந்து 100 முதல் 200 வாட் வரை எடுக்கும். விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதற்கும் மேலே போகும்.

சுவர் பிளக்கில் செருகிப் பார்க்கும் வாட் மீட்டர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வீட்டு மின்மீட்டரே போதும். மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு கண்சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று எழுதியிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஃபிரிட்ஜ் உட்பட வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மடிக்கணினியை மட்டும் ஓடவிட்டு, மீட்டர் பெட்டியின் முன்னால் பத்து நிமிடம் நின்று எண்ணினேன். பதினாறு சிமிட்டல் வந்தது. 16-ஐ 3200-ஆல் வகுத்தால் 0.005 யூனிட், அதாவது 5 வாட்-மணி. பத்து நிமிடத்துக்கு 5 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 30. மறுநாள் என் தம்பியின் மேசைக் கணினியை அதே முறையில் எண்ணியபோது பத்து நிமிடத்தில் 64 சிமிட்டல். அதாவது 120 வாட். அந்த இரண்டு எண்களைப் பார்த்த பிறகுதான் எந்தக் கணினிக்கு அமைப்பு போடுவது என்ற குழப்பம் எனக்குத் தீர்ந்தது.

எண்ணும்போது மடிக்கணினியின் பேட்டரி முழுமையாக நிரம்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சார்ஜ் ஏறுவதற்கான மின்சாரமும் கணக்கில் சேர்ந்து உங்களைக் குழப்பிவிடும்.

மேசைக் கணினியை சோலாரில் ஓட்டவே முடியாதா?

ஓட்டலாம், ஆனால் அதே வேலைக்கு நான்கு மடங்கு பேனலும் நான்கு மடங்கு பேட்டரியும் தேவைப்படும். அந்தக் கூடுதல் பேட்டரிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல மடிக்கணினியையே வாங்கிவிடலாம் என்பதால், நான் யாருக்கும் அதைப் பரிந்துரைப்பதில்லை. பெரிய திரை கட்டாயம் வேண்டும் என்பவர்கள், 10 முதல் 25 வாட்டில் இயங்கும் கையடக்க மினி கணினி ஒன்றையும் 20 அல்லது 25 வாட் எடுக்கும் எல்.இ.டி. திரையையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ராஸ்பெரி பை 4 போன்ற சிற்றட்டைக் கணினிகள் 3 முதல் 7 வாட்டிலேயே வேலை செய்துவிடும்; தட்டச்சுக்கும் பாடம் படிக்கவும் அது போதும்.

பேனலைப் பெரிதாக்குவதைவிடத் தேவையைச் சிறிதாக்குவது எப்போதும் மலிவு. திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைப்பது, பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவது, எழுந்து போகும்போது கணினியை உறங்க வைப்பது ஆகிய மூன்றையும் செய்த பிறகு அளந்து பாருங்கள். அந்த அளவுக்குத்தான் பேனல் வாங்க வேண்டும்.

எனக்கு எத்தனை வாட் பேனல் தேவைப்படும்?

என் கணக்கையே காட்டுகிறேன். உங்கள் எண்களை அதில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மடிக்கணினி எட்டு மணி நேரத்துக்கு 240 வாட்-மணி. இணைய மோடம் 8 வாட் வீதம் எட்டு மணி நேரத்துக்கு 64. மேசை விளக்கு 9 வாட் வீதம் நான்கு மணி நேரத்துக்கு 36. கூட்டினால் 340. இதில் இன்வெர்ட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்வதைச் சேர்க்க வேண்டும். மாற்றத்தில் போகும் இழப்பு ஒருபுறம். சும்மா இருக்கும்போதே அது தின்னும் பத்துப் பன்னிரண்டு வாட் மறுபுறம். ஆக பேட்டரியிலிருந்து வெளியேறுவது ஏறத்தாழ 480 வாட்-மணி ஆகிவிடும். ஈய-அமிலப் பேட்டரியில் ஐந்து பங்கு ஏற்றினால் நான்கு பங்குதான் திரும்பக் கிடைக்கும் என்பதால், பேனல் தர வேண்டியது 600 வாட்-மணி.

இனி பேனலின் பக்கம். 100 வாட் பேனல் என்பது, சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலும், பேனலின் செல்களில் (ஒளியை மின்சாரமாக்கும் சிறு தகடுகளில்) 25 டிகிரி வெப்பமும் இருக்கும் சோதனைச் சாலையில் அளந்த எண். நம் மொட்டை மாடியில் கோடை நண்பகலில் பேனலின் செல்கள் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் திறன் குறைவதால், வெப்பத்தில் மட்டுமே 14 சதவீதம் போய்விடும். சுள்ளென்று வெயில் அடித்தால் மின்சாரம் கொட்டும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் மழை விட்ட மறுநாள், வானம் துடைத்து வைத்தது போல் இருந்து காற்றும் குளிர்ந்திருக்கும்போதுதான் மீட்டரில் மிக உயர்ந்த எண்ணை நான் கண்டிருக்கிறேன். தூசு, வயர் இழப்பு எல்லாவற்றையும் சேர்த்து நான்கில் மூன்று பங்கு கிடைக்கும் என்று கொள்ளலாம். தமிழ்நாட்டில் நல்ல மாதங்களில் நாளொன்றுக்கு 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கும் என்று வைத்தால், 100 வாட் பேனல் 375 வாட்-மணி தரும். 600-க்கு 160 வாட் போதும் என்று கணக்கு சொல்லும்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகை என்று ஒரு பருவம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் 5 மணி என்பது மூன்றரை மணியாகச் சுருங்கும். சில நாட்களில் ஒன்றுமே இருக்காது. மூன்றரை மணிக்குக் கணக்கிட்டால் 230 வாட் வருகிறது. ஆகவே 125 வாட் பேனல் இரண்டு வாங்கினேன். அமைப்பை மழைக்காலத்துக்குத்தான் திட்டமிட வேண்டும். சித்திரை வெயில் தானாகப் பார்த்துக்கொள்ளும்.

பேட்டரியில் எதைத் தேர்ந்தெடுப்பது?

வீட்டு இன்வெர்ட்டர்களுக்கு எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி ஈய-அமில வகையைச் சேர்ந்தது. அதன் மொத்தக் கொள்ளளவு 1800 வாட்-மணி. அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் விரைந்து குறையும். எடுக்கக்கூடிய 900 வாட்-மணி என் தேவைக்கு ஏறக்குறைய இரண்டு நாள் வரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் 100 ஏ.எச். போதும்: 12.8 வோல்ட் என்பதால் வரும் 1280 வாட்-மணியில் 80 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கும் மேல் எடுக்கலாம். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஒருவரே தூக்கி வைத்துவிடலாம். இரண்டாயிரம் முறைக்கு மேல் ஏற்றி இறக்கினாலும் உழைக்கும். விலை கூடுதல் என்றாலும், தினமும் பேட்டரியில் வேலை செய்பவர்களுக்கு நாளடைவில் அதுவே சிக்கனம் என்பது என் கருத்து. கரண்ட் போனால் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு டியூபுலரே போதும்.

எந்த வகையாக இருந்தாலும் வெப்பம்தான் அதன் எதிரி. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி உயர்வுக்கும் ஈய-அமிலப் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. மாடிப்படிக்கு மேலே தகரக் கொட்டகை போட்டு அதில் பேட்டரி வைப்பவர்களைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை. கீழ்த்தளத்தில் காற்றோட்டமுள்ள நிழலான மூலையில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது ஈய-அமிலப் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால், அதை மூடிய அலமாரிக்குள்ளோ பூஜை விளக்குக்குப் பக்கத்திலோ வைக்கவே கூடாது.

சார்ஜ் கன்ட்ரோலர் எதற்கு? பி.டபிள்யூ.எம்., எம்.பி.பி.டி. என்கிறார்களே, எது நல்லது?

பேனலை நேரடியாகப் பேட்டரியில் இணைத்தால், நிரம்பிய பிறகும் மின்சாரம் ஏறிக்கொண்டே இருந்து பேட்டரியைக் கொதிக்க வைத்துக் கெடுத்துவிடும். அதை நிறுத்தும் காவல்தான் கன்ட்ரோலர். இரண்டு வகையில் எதை வாங்குவது என்பது உங்கள் பேனலைப் பொறுத்தது.

இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும். முதலில் ஒரு கடையில் 330 வாட் பேனல் ஒன்றையும், மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். உச்சி வெயிலில் அளந்தால் 120 வாட்டைத் தாண்டவில்லை. பேனல் பழுது என்று எண்ணி ஒரு மாதம் அலைந்தேன். உண்மையில் பேனலில் குறையே இல்லை. 72 செல் கொண்ட அந்தப் பேனல் ஏறக்குறைய 37 வோல்ட்டில் 9 ஆம்பியர் தரக்கூடியது. பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் ஒரு சுவிட்ச் மாதிரிதான் வேலை செய்யும். பேனலைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். ஆம்பியர் அதிகரிக்காது, 13-ஐ 9-ஆல் பெருக்கினால் வருவதுதான் கிடைக்கும். மூன்றில் இரண்டு பங்கு கூரையிலேயே வீணாகிறது. எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் உயர்ந்த வோல்ட்டைக் குறைத்து, அதற்கு ஈடாக ஆம்பியரைக் கூட்டித் தரும். கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மாதம் மிஞ்சியிருக்கும்.

36 செல் கொண்ட, 12 வோல்ட் பேனல் என்று விற்கப்படுகிறவற்றுக்கு பி.டபிள்யூ.எம். ஓரளவு பொருந்தும். அதைவிடப் பெரியதற்கு எம்.பி.பி.டி.யே வேண்டும். அந்த 330 வாட் பேனலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு 125 வாட் பேனல்களை வாங்கினேன். அவற்றுக்கும் 20 ஆம்பியர் எம்.பி.பி.டி.யே வைத்திருக்கிறேன். 150 ஏ.எச். பேட்டரிக்கு உகந்த சார்ஜ் அளவு அதில் பத்தில் ஒரு பங்கான 15 ஆம்பியர். என் பேனல்கள் நல்ல வெயிலில் தருவதும் ஏறக்குறைய அவ்வளவே.

இணைக்கும் வரிசை முக்கியம். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணைக்க வேண்டும், அதன் பிறகு பேனலை. கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. மாற்றிச் செய்தால் கன்ட்ரோலர் எரிந்துபோகக்கூடும்.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருக்கின்றன. பேனல் மட்டும் வாங்கிச் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம், பெரும்பாலானோருக்கு இதுவே நல்ல தொடக்கம். பேனலும் கன்ட்ரோலரும் வாங்கி அதே பேட்டரியில் இணைத்துவிட்டால் போதும். ஆனால் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். சாதாரண இன்வெர்ட்டர், கரண்ட் இருக்கும்போதெல்லாம் மின்வாரிய மின்சாரத்தைக் கொண்டு பேட்டரியை நிரப்பி வைத்துவிடும். காலையில் சூரியன் வரும்போது நிரப்புவதற்கு இடமே இருக்காது. பேனல் வெறுமனே காய்ந்துகொண்டிருக்கும். இதைத் தவிர்க்க, பகலில் மின்வாரிய சார்ஜை நிறுத்திவிட்டுச் சூரியனுக்கு முன்னுரிமை தரும் சோலார் கட்டுப்பாட்டுக் கருவிகள் கிடைக்கின்றன. சிக்கனமான வழி ஒன்றும் உண்டு: இன்வெர்ட்டருக்கு வரும் பிளக்கைக் காலை எட்டு மணிக்கு அணைத்து, மாலையில் போட்டுவிடுங்கள். என் அத்தை வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. கோலம் போட்டுவிட்டு உள்ளே வரும்போது அத்தை அந்த சுவிட்சை அணைப்பார். இதுவரை ஒருநாளும் தவறியதில்லை.

சைன் வேவ், ஸ்குயர் வேவ் என்பதில் கணினிக்கு எது பாதுகாப்பானது?

மின்வாரிய மின்சாரத்தைப் போலவே வளைவான அலையாகத் தரும் தூய சைன் வேவ் இன்வெர்ட்டரையே வாங்குங்கள். சதுர வடிவ அலையாகத் தரும் ஸ்குயர் வேவில் மடிக்கணினி அடாப்டர் பெரும்பாலும் ஓடிவிடும். என்றாலும் சூடாகும், சில சமயம் இரையும். மேசைக் கணினியின் தரமான பவர் சப்ளைகள் சில அதில் நின்றே போகும்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் இன்வெர்ட்டரின் பின்புறம் யூ.பி.எஸ். என்று குறித்த சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போகும் கணத்தில் கணினியின் பவர் சப்ளை தன்னிடமுள்ள சேமிப்பைக் கொண்டு 16, 17 மில்லி நொடிதான் தாங்கும். யூ.பி.எஸ். நிலையில் இன்வெர்ட்டர் அதற்குள் மாறிவிடும். சாதாரண நிலையில் தாமதமாகி, கணினி அணைந்து மறுபடி தொடங்கும். சேமிக்காத பக்கங்கள் போய்விடும். மடிக்கணினிக்கு உள்ளேயே பேட்டரி இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

இன்வெர்ட்டரே இல்லாமல் பேட்டரியிலிருந்து நேரடியாக மடிக்கணினியை ஓட்ட முடியுமா?

முடியும், எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். பேனல் தருவது டி.சி. (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்), பேட்டரி சேமிப்பது டி.சி., மடிக்கணினி உண்பதும் டி.சி. நடுவில் அதை 230 வோல்ட் ஏ.சி.யாக (திசை மாறி மாறி ஓடும் வீட்டு மின்சாரமாக) மாற்றி, அடாப்டரில் மறுபடி 19 வோல்ட் டி.சி.யாக இறக்குகிறோம். நெல்லை அரிசியாக்கி, அரிசியை மறுபடி நெல்லாக்க முயல்வது போன்ற இந்த வேலையில் ஒவ்வொரு படியிலும் சிந்துகிறது. கார்களில் பயன்படுத்தும் மடிக்கணினி சார்ஜர், 12 வோல்ட்டை நேரடியாக 19 அல்லது 20 வோல்ட்டாக உயர்த்தித் தரும். டைப்-சி துளையில் சார்ஜ் ஆகும் கணினியாக இருந்தால், 65 வாட் பி.டி. (பவர் டெலிவரி என்ற டைப்-சி சார்ஜ் முறை) வசதியுள்ள கார் சார்ஜரே போதும். பெரும்பாலான கம்பெனிக் கணினிகளுக்கு அது ஒத்துவரும்.

இன்வெர்ட்டர் வழியாக ஓடும்போது என் மடிக்கணினிக்கு பேட்டரியிலிருந்து மணிக்கு 47 வாட்-மணி போயிற்று. நேரடியாக மாற்றியதும் அது 30 ஆனது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிச்சம். மோடத்தையும் 12 வோல்ட்டிலேயே ஓட்டிக்கொள்ளலாம். அதன் அடாப்டரில் 12 வோல்ட் என்று எழுதியிருப்பதை உறுதி செய்துகொண்டு, சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14 வோல்ட்டுக்கு மேல் போவதால், 12-இல் நிலைநிறுத்தித் தரும் சிறு கருவியை நடுவில் வைக்க வேண்டும்.

இந்த எண்ணத்தைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறார்கள். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா வழிநடத்திய குழு, வீட்டின் விளக்கும் விசிறியும் 48 வோல்ட் டி.சி.யில் ஓடும்படி ஓர் அமைப்பை உருவாக்கி, ராஜஸ்தானின் மின்சாரம் எட்டாத குடியிருப்புகளில் 125 வாட் பேனல்களோடு நிறுவியது. 12 வோல்ட்டுக்குப் பதில் 48 என்பதால் அதே வாட்டுக்கு வயரில் ஓடும் ஆம்பியர் நான்கில் ஒன்றாகிறது. இழப்பு அதனினும் மிகக் குறைகிறது.

வயர் விஷயத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

12 வோல்ட்டில் இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் பெருகும். மாடியிலிருந்து கன்ட்ரோலருக்குப் பத்து மீட்டர் தூரம் என்றால், போக வர இருபது மீட்டர். அதில் 15 ஆம்பியர் ஓடும்போது 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செப்பு வயரில் 2 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும். பேனல் பக்கத்துக்கு 6 ஸ்கொயர் வயர் போடுங்கள். கன்ட்ரோலரையும் பேட்டரியையும் ஒன்றுக்கொன்று ஒரு மீட்டருக்குள் வையுங்கள்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம். குறுக்கு இணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டால் 150 ஏ.எச். பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டி வயரைப் பழுக்கக் காய்ச்சிவிடும். டி.சி.யில் பொறி எழுந்தால் எளிதில் அணையாது என்பதால், வீட்டில் மிஞ்சிய சாதாரண ஏ.சி. எம்.சி.பி.யை (தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்சை) அங்கே மாட்டக் கூடாது, டி.சி. என்று குறித்ததையே வாங்க வேண்டும்.

பேனலை எந்தத் திசையில், எவ்வளவு சாய்வில் வைப்பது?

தெற்கு நோக்கி, 10 முதல் 15 டிகிரி சாய்வில். தமிழ்நாடு வடக்கு அட்சரேகை 8 முதல் 13½ டிகிரிக்குள் இருப்பதால் அதிகச் சாய்வு தேவையில்லை. எங்கள் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். அப்போதும் இந்தச் சிறு சாய்வால் பெரிய இழப்பு வராது. முற்றிலும் படுக்கையாக வைத்தால் மழைநீரும் தூசும் விளிம்பில் தேங்கி நிற்கும்.

டெல்டாவிலும் கடலோரத்திலும் இருப்பவர்கள் சாய்வைவிடப் பிடிமானத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டும். செங்கல்லைப் பாரமாக வைத்து நிறுத்திய பேனல் புயலில் பறக்கும். சேதம் நம் பேனலோடு நிற்காது, பக்கத்து வீட்டாரின் தலையையும் பதம் பார்க்கும். தாங்கியைத் தளத்திலோ கைப்பிடிச் சுவரிலோ போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். இரும்புத் தாங்கியை எர்த் செய்வதும் கட்டாயம்.

கொஞ்சம் நிழல் விழுந்தால் பெரிய பாதிப்பு வருமா?

வரும், நினைப்பதைவிட மிக அதிகமாக. எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு தென்னை நிற்கிறது. மாலை மூன்றரை மணிக்கு அதன் ஒரே ஒரு மட்டையின் நிழல் பேனலின் ஓரத்தில், இரண்டு கைப்பிடி அளவுக்குத்தான் விழும். வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு ஆம்பியருக்கு மேல் காட்டிய பேனல், நிழல் மூன்றாவது செல்லைத் தொட்டதும் ஒரு ஆம்பியருக்குக் கீழே போயிற்று. காற்றில் மட்டை விலகியபோது மீண்டும் ஏறியது. செல்கள் சங்கிலி போல ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருப்பதே காரணம். ஒரு செல் இருண்டால் அதைச் சேர்ந்த பாதிப் பேனலை அதனுள் இருக்கும் டயோடு விலக்கிவிடும். மிஞ்சிய பாதியின் 9 வோல்ட்டால் 12 வோல்ட் பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தள்ள முடியாது. பொருத்துவதற்கு முன் ஒரு நாள் முழுவதும், காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை, மணிக்கு ஒருமுறை மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, துணி காயப்போடும் கொடி எல்லாமே கணக்கில் வரும்.

பேனலை எப்படிச் சுத்தம் செய்வது?

பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில், கண்ணாடி சூடேறுவதற்கு முன். மெல்லிய துணியும் நல்ல தண்ணீரும் போதும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை அப்படியே காயவிட்டால் வெள்ளையாகப் படிந்து, பிறகு சுரண்டினாலும் போகாது. பிடித்து வைத்த மழைநீர் உத்தமம். காக்கை எச்சத்தைத் தள்ளிப்போடாதீர்கள், அதுவும் ஒரு நிழல்தான்.

பிரிண்டரையும் இதில் ஓட்டலாமா?

இங்க்ஜெட் பிரிண்டரை ஓட்டலாம்; அச்சிடும்போதும் பத்து இருபது வாட்தான் எடுக்கும். லேசர் பிரிண்டர் தாளைச் சூடாக்கும் உருளைக்காகத் திடீரென்று பல நூறு வாட் இழுக்கும் என்பதால், அதை மின்வாரிய இணைப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று எப்படி அறிவது?

சார்ஜும் ஏறாமல், சுமையும் இல்லாமல் ஒரு மணி நேரமாவது ஓய்வில் விட்டுவிட்டு அளந்தால், டியூபுலர் பேட்டரியில் 12.7 வோல்ட் என்பது நிறைவு, 12.2 என்பது ஏறக்குறைய பாதி. அங்கே நிறுத்திக்கொள்வது நல்லது. பல இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட் வரை உறிஞ்சிவிட்டுத்தான் அணையும். அது பேட்டரி முற்றிலும் வற்றிப்போன நிலை. அந்த அளவை உயர்த்தி வைக்கும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் கட்டாயம் உயர்த்துங்கள். லித்தியம் பேட்டரியில் கடைசி வரை வோல்ட் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் என்பதால் வோல்ட்டைப் பார்த்துக் கணிக்க முடியாது. ஏறியதையும் இறங்கியதையும் எண்ணிக் காட்டும் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

டியூபுலர் பேட்டரிக்கு மிதவைக் குறி இறங்கும்போது டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். குடிநீரோ ஆசிட்டோ கூடாது. முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், இணைப்பைக் கழற்றி, வெந்நீரில் கரைத்த ஆப்ப சோடாவால் கழுவி, துடைத்து, வாசலின் தடவி இறுக்குங்கள்.

மூன்று நாள் தொடர்ந்து அடைமழை என்றால் என்ன செய்வது?

மேகமூட்டத்திலும் பேனல் முற்றிலும் நிற்காது. பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை தரும். நான் அந்த நாட்களில் முதலில் மேசை விளக்கை அணைத்து, சன்னல் ஓரத்துக்கு வந்துவிடுவேன். மோடத்தை நிறுத்திவிட்டு, கோப்பு அனுப்பும் நேரத்தில் மட்டும் கைப்பேசி இணையத்தைப் பயன்படுத்துவேன். படங்கள் நிறைந்த பக்கங்களைத் தள்ளிவைத்து மெய்ப்புத் திருத்தத்தை எடுத்துக்கொள்வேன், ஏனெனில் அதற்குக் கணினி பாதி மின்சாரம்தான் கேட்கும். கரண்ட் இருக்கும் வேளை கிடைத்தால் மின்வாரிய மின்சாரத்தில் பேட்டரியை ஒருமுறை முழுமையாக நிரப்பிவிடுவேன். பாதி நிலையில் பல நாள் கிடக்கும் ஈய-அமிலப் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, அதன் கொள்ளளவு திரும்பாமலே போகும்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

புதியது வாங்கும் கடையில் திருப்பிக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. தெருவில் வரும் பழைய இரும்பு வண்டியில் நூறு இருநூறு கூடுதலாகக் கிடைக்கிறது என்று போட்டுவிட்டால், அது எங்கோ ஒரு கொட்டகையில் திறந்தவெளியில் உருக்கப்பட்டு, ஈயப் புகை அங்கே விளையாடும் குழந்தைகளின் இரத்தத்தில் போய்ச் சேரலாம். ஆசிட்டை வாய்க்காலில் கொட்டிவிட்டு வெறும் பெட்டியைக் கொண்டு வாருங்கள் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பேட்டரியைத் திறக்காமல், சாய்க்காமல், நிமிர்த்தியபடியே வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டு போய், கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.